கூமாச்சிப்பட்டி மூணு கிலோமீட்டர் நகர்ந்த கதை

கூமாச்சிப்பட்டிக்காரங்க மேல ஆயிரம் குறை சொல்லலாம். சொன்ன சொல்லைக் கேக்கலைன்னு மட்டும் ஒருத்தரும் சொல்ல முடியாது. "கொஞ்சம் இருங்க, வந்துடறேன்"னு ஒரு தபால்காரர் சொல்லிட்டுப் போனதுக்கு மொத்த ஊரும் மூணு நாள் பஸ் ஸ்டாப்புல உக்காந்திருந்துச்சு. அவரு மாத்தலாகிப் போயிட்டாருன்னு தெரிஞ்ச பிறகுதான், "அவரு ஊருல கொஞ்சம்னா அவ்வளவு போல"ன்னு வேட்டியைத் தட்டிக்கிட்டு எந்திரிச்சாங்க.

அந்த ஊருல மொக்கராசுன்னு ஒருத்தன். வயசு முப்பத்திரண்டு. இன்னும் கல்யாணம் ஆகல. உள்ளூர்ல பொண்ணு கட்ட முடியாது. நாலு எல்லைக்கல்லுக்குள்ள இருக்கறவங்க அத்தனை பேரும் அண்ணன் தங்கச்சிங்கறது கூமாச்சிப்பட்டி வழக்கம். பக்கத்து ஊரு ஆவாரங்குளத்துல வெயிலுமுத்து மக பவுன்தாயி மேல அவனுக்கு ஒரு இது. பவுன்தாயிக்கும் அவன் மேல ஒரு இது. வெயிலுமுத்துவுக்குத்தான் ஒண்ணும் இல்ல.

"வேலை இல்லாத பயலுக்குப் பொண்ணு கிடையாது. முறைன்னா முறை"ன்னு கறாரா சொல்லிட்டாரு.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஜீப்புல ஆராய்ச்சி மேடம் வந்து இறங்கினாங்க. கையில ஒரு பெட்டி. பெட்டி தலையில ஒரு கம்பி. நெஞ்சுல ரெண்டு விளக்கு, பச்சை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு.

ஊரைக் கூட்டி வச்சு மேடம் சொன்னாங்க: "பெரிய நிலநடுக்கம் வர்றதுக்கு முன்னாடி பூமிக்குள்ள பாறைங்க நெருக்கப்படும். அப்ப ஒரு வாயு கசியலாம். அதனால காத்து சூடாகலாம். வானத்துல ரொம்ப உயரத்துல மின்சாரம் ஏறின ஒரு அடுக்கு இருக்கு. அதுவும் கலங்கலாம். அப்படிக் கலங்கினா இந்தப் பெட்டிக்குத் தெரியும். ஆனா நிலநடுக்கத்துக்காகத்தான் கலங்குதான்னு இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாது. அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்."

நாட்டாமை பரமாண்டி கையைத் தூக்கினாரு. "ஆடறது கீழ. நீங்க ஏம்மா மேல தேடறீங்க?"

மேடம் பதில் சொல்றதுக்குள்ள ரெண்டாப்பு முந்திக்கிட்டாரு. அவரு நிஜப் பேரு யாருக்கும் ஞாபகம் இல்ல. ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவரு. ஊருலயே பெரிய படிப்பு அதுதான்.

"அண்ணே, உலை கொதிக்கறது கீழ. மூடி ஆடறது மேல. மூடியைப் பாத்தா உலை தெரியும்."

"அடடா!"ன்னாங்க மேடம். ஒரு நிமிஷம் அவங்களுக்கு அந்த ஊரு மேல பெரிய மரியாதை வந்துச்சு.

"அப்ப ஏணி போட்டு ஏறி மூடியை அமுக்கிப் புடிச்சுக்கிட்டா உலை கொதிக்காதுல்ல?"ன்னாரு ரெண்டாப்பு. மரியாதை போயிடுச்சு.

பெட்டியைப் பாத்துக்க ஒரு ஆளு வேணும், மூணு மாசம் ஒழுங்கா பாத்துக்கிட்டா வேலை நிரந்தரம்னு மேடம் சொன்னாங்க. மொக்கராசு பாஞ்சு முன்னாடி நின்னான். விஷயம் ஆவாரங்குளத்துக்குப் போச்சு. வெயிலுமுத்து சொல்லி அனுப்பினாரு: "மூணு மாசம் முடிஞ்சு நிரந்தரம்னு கடிதாசி வந்தா அன்னைக்கே தட்டு மாத்திக்கலாம். பெட்டி கை விட்டுப் போச்சுன்னா பொண்ணும் போச்சு."

மேடம் ஒரு தாள்ல நாலே நாலு வரி எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க.

முதல் வரி: பெட்டி ஊருக்கு நடுவுல இருக்கணும்.

நாலு எல்லைக்கல்லுல இருந்தும் கயிறு இழுத்து அளந்தாங்க. சரியான நடு, நாட்டாமை வீட்டு அடுப்புக்கு மேல விழுந்துச்சு. அடுப்பு தெருவுக்குப் போச்சு, பெட்டி அடுப்பங்கரைக்கு வந்துச்சு. நாட்டாமை பொண்டாட்டி மூணு மாசமா நடுத்தெருவுல நின்னுதான் சாம்பார் தாளிச்சாங்க.

ரெண்டாவது வரி: பெட்டி மேல எப்பவும் ஒரு கண்ணு இருக்கணும்.

மொக்கராசு இன்னொரு கண்ணைத் துணியால கட்டிக்கிட்டான். பகல்ல இடது கண்ணு, சாயங்காலத்துக்கு மேல வலது கண்ணு. பவுன்தாயி ஒரு நாள் பஸ்ல போகும்போது, அடுப்பங்கரை ஜன்னல்ல அவன் தெரிஞ்சதும் கூப்பிட்டா. "இந்தா, ஒரு கண்ணுல பாத்தா நான் பாதிதான் தெரிவேனா?"

"முழுசாத்தான் தெரியற பவுனு. மத்த கண்ணுக்குத்தான் பொறாமை"ன்னான் மொக்கராசு. இந்த ஒரு விஷயத்துல மட்டும் பயலுக்கு மூளை நல்லா வேலை செய்யும்.

மூணாவது வரி: வழக்கத்துக்கு மாறா எது நடந்தாலும் நோட்டுல எழுதணும். அதையும் விடாம எழுதினான். "இன்னைக்கு பஸ்ஸு நேரத்துக்கு வந்துச்சு. பயமா இருக்கு." "நாட்டாமை பொண்டாட்டி இன்னைக்கு நாட்டாமையைத் திட்டல. ஊரே வாசல்ல வந்து நிக்குது." "சாயங்காலம் திட்டிட்டாங்க. எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டோம்."

நாலாவது வரிதான் நீளம். சிவப்பு விளக்கு எரிஞ்சா மேடத்துக்கு போன் போடணும். ஜனங்களைப் பதற வைக்காம, சிரிச்ச முகத்தோட சொல்லணும். பயமா இருந்தா வீடும் மரமும் இல்லாத வெட்டவெளிக்குப் போகணும்.

மூணு மாசம் முடிய ஒன்பது நாள்தான் பாக்கி. ஊருல அம்மன் திருவிழா. காப்பு கட்டியாச்சு. காப்பு கட்டிட்டா எட்டு நாளைக்கு உள்ள இருக்கறவங்க எல்லையைத் தாண்டக்கூடாது, வந்து மிதிச்சவங்களும் திரும்பிப் போகக்கூடாது. கட்டின மூணாம் நாள் காலையில, எட்டே முக்கால் மணிக்கு, பெட்டியில சிவப்பு விளக்கு பளிச்னு எரிஞ்சுச்சு.

மொக்கராசு மேடத்துக்கு போன் போட்டான். "நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார்"னு ஒரு பொம்பளை சொல்லுச்சு.

"என்னப்பா சொல்றாங்க?"ன்னாரு நாட்டாமை.

"மேடம் எல்லைக்கு அந்தப் பக்கம் போயிட்டாங்களாம்."

"காப்பு கட்டின பிறகா? படிச்ச பொம்பளைக்கு இது கூடவா தெரியாது?"

அப்புறம் மொக்கராசு வீடு வீடாப் போனான். பல்லு முப்பத்திரண்டும் தெரிய சிரிச்சுக்கிட்டே, "சித்தி, பூமி பொளக்கப் போகுதாம், ஹிஹி. பெரியப்பா, வீடு மேல விழப்போகுதாம், ஹிஹி"ன்னான். ஒருத்தரும் பதறல. "எப்பய்யா, ஹிஹி?"ன்னு கேட்டுட்டு, சிரிச்சுக்கிட்டே பாத்திரத்தைக் கட்ட ஆரம்பிச்சாங்க. சிரிச்சு சிரிச்சு ரெண்டு பேருக்கு தாடை புடிச்சுக்கிச்சு.

ஊர்க்கூட்டம் கூடுச்சு. ஊருக்குள்ள எங்க பாத்தாலும் வீடு, இல்லாட்டி மரம். வெட்டவெளின்னா ஆவாரங்குளத்துக் கண்மாய்தான். மூணு வருஷமா வறண்டு கிடக்கு. ஆனா அது எல்லைக்கு அந்தப் பக்கம், மூணு கிலோமீட்டர் தூரம்.

"போனா சாமி குத்தம். இருந்தா வீடு விழுது. என்னய்யா பண்றது?"ன்னாரு நாட்டாமை.

ரெண்டாப்பு கண்ணை மூடி ரொம்ப நேரம் யோசிச்சாரு. "அண்ணே, எல்லைங்கறது என்ன?"

"நாலு கல்லு."

"அந்தக் கல்லைத் தூக்க முடியுமா?"

"எட்டு பேரு சேந்தா தூக்கலாம்."

"அப்ப நாம எதுக்கு எல்லையைத் தாண்டணும்? எல்லையைத் தூக்கிக்கிட்டுப் போவோம். எங்க போனாலும் ஊருக்குள்ளதானே இருப்போம்?"

கூட்டம் கையைத் தட்டுச்சு. பூசாரி மட்டும் கேட்டாரு, "அம்மன்?" அவரே பதிலும் சொல்லிக்கிட்டாரு. "அவளுக்கு ஏது எல்லை? அவ இருந்துக்குவா."

மொக்கராசுவுக்கு வேற கவலை. "என் பெட்டி? ஊருக்கு நடுவுல இருக்கலைன்னா வேலை போயிடும், வேலை போனா பவுனு போயிடும்!"

"ஊரே நகருது, நடு நகராதா? நீ நடுவுல தூக்கிட்டு நட"ன்னாரு ரெண்டாப்பு.

இன்னொருத்தரு சந்தேகம் கிளப்பினாரு. "கூமாச்சிப்பட்டிக்குத்தானே நிலநடுக்கம் வருது? கூமாச்சிப்பட்டியை நாம தூக்கிட்டுப் போனா, அது தேடிக்கிட்டு அங்க வராதா?"

இது நியாயமான கேள்வி. அரை மணி நேரம் பேசினாங்க. கடைசியில, ரோட்டோரத்துல இருக்கற "கூமாச்சிப்பட்டி"ங்கற பேர்ப்பலகையை மட்டும் தொடாம விட்டுட்டுப் போறதுன்னு முடிவாச்சு. வர்றது விலாசத்தைப் பாத்து அங்கேயே வந்துட்டுப் போகட்டும்.

பத்து மணிக்கு ஊரு கிளம்புச்சு. நாலு மூலையிலயும் நாலு கல்லு, கல்லுக்கு எட்டு பேரு. உள்ள அறுபது வீட்டு ஜனம், ஆடு, மாடு, கோழி. நடுவுல தலையில பெட்டியோட, ஒத்தைக் கண்ணோட மொக்கராசு.

நாட்டாமை முன்னாடி நின்னு கத்துனாரு. "ஏய் தெக்கு மூலை! வேகமா நடங்கய்யா, ஊரு கோணுது! மேக்கால வீடு உள்ளவங்கல்லாம் மேக்காலயே நடங்க, இடம் மாறினா பட்டா சிக்கலாயிடும்!"

ஓடைப் பாலம் வந்துச்சு. பாலம் பன்னெண்டடி அகலம். வேற வழியில்ல, நாலு கல்லையும் கிட்டக் கிட்ட கொண்டு வந்து ஊரைச் சுருக்கினாங்க. மொத்த ஜனமும் பன்னெண்டடிக்குள்ள நெருங்கி நின்னுச்சு. இருபது வருஷமா பேசாத ரெண்டு பங்காளிங்க மூக்கும் மூக்கும் இடிச்சுக்கிட்டாங்க. "கொஞ்சம் தள்ளுய்யா"ன்னு ஒருத்தர் சொல்ல, அதுல சண்டை தீந்து போச்சு.

பாலத்தைத் தாண்டி ஊரை மறுபடி விரிச்சப்ப, எதிர்ல வந்த பஸ்ஸு சரியா ரெண்டு கல்லுக்கு நடுவுல புகுந்து ஊருக்குள்ள வந்து நின்னுச்சு.

கண்டக்டர் தலையை நீட்டினாரு. "வழி விடுங்கய்யா, நேரமாச்சு!"

"நேரமா? இன்னும் அஞ்சு நாள் இருக்கு"ன்னாரு நாட்டாமை. "காப்பு கட்டின ஊருக்குள்ள வந்துட்டீங்க. திருவிழா முடிஞ்சுதான் போகணும். கறிச்சோறு உண்டு."

"யோவ், இது ஹைவேஸ் ரோடுய்யா!"

"நேத்து வரைக்கும் ரோடு. இப்ப எங்க ஊரு."

பஸ்ஸுக்குள்ள ஒரே கூச்சல். கண்டக்டர் விவரமான ஆளு. தலையைச் சொறிஞ்சாரு. "நாட்டாமை, நாங்க யாராவது இறங்கினோமா? உங்க ஊரு மண்ணை மிதிச்சோமா?"

நாட்டாமை ரெண்டாப்பைப் பாத்தாரு. ரெண்டாப்பு குனிஞ்சு டயரைப் பாத்தாரு. "டயர்தான் மிதிச்சிருக்கு. டயருக்குக் காப்பு கிடையாது." பஸ்ஸை விட்டுட்டாங்க.

மதியம் கண்மாய்க்கு வந்து நாலு கல்லையும் நட்டாங்க. அளவு குறையக்கூடாதே, அதனால வடகிழக்குக் கல்லு கண்மாய்க் கரையைத் தாண்டி ஒரு வீட்டுக் கொல்லைக்குப் பின்னாடி போய் விழுந்துச்சு. கயிறு கட்டி அளந்து, நட்ட நடுவுல பெட்டியை வச்சுட்டு மொக்கராசு அப்பாடான்னு உக்காந்தான்.

உக்காந்து முடிக்கல, புழுதியைக் கிளப்பிக்கிட்டு ஜீப்பு வந்துச்சு. மேடம் முகம் வெளிறிப் போயிருந்துச்சு. இறங்க ஒரு காலை வெளிய வச்சாங்க.

"இறங்கிடாதீங்க!"ன்னு இருநூறு பேரும் கத்தினாங்க. காலை வெடுக்குன்னு உள்ள இழுத்துக்கிட்டாங்க.

"என்ன நடந்துச்சு இங்க? பெட்டி இருக்கற இடம் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தெரியும். கூமாச்சிப்பட்டி மூணு கிலோமீட்டர் நகர்ந்துடுச்சுன்னு காட்டுது! உலகத்துல எந்த நிலநடுக்கமும் ஒரு ஊரை இவ்வளவு தூரம் நகர்த்தினது இல்ல. ஆபீஸ்ல ரெண்டு பேரு மயக்கம் போட்டு விழுந்துட்டாங்க!"

"நிலநடுக்கம் இல்லம்மா"ன்னாரு நாட்டாமை பெருமையா. "நாங்கதான் நகர்த்தினோம்."

மேடம் ஜீப்பு சீட்டுல தலையை முட்டிக்கிட்டாங்க. அப்புறம் மெதுவா சொன்னாங்க. "சிவப்பு எரிஞ்சது நிலநடுக்கத்துக்கு இல்ல. சூரியன்ல ஒரு கொந்தளிப்பு. அதுவும் மேல இருக்கற அடுக்கைக் கலக்கும். எது எதுனால கலங்குதுன்னு பிரிக்கறதுதான் எங்க தலைவலியே."

"அப்ப ஆடப்போறது சூரியனா?"ன்னாரு ரெண்டாப்பு. எல்லாரும் அண்ணாந்து பாத்தாங்க. "பாவம். அங்க இருக்கறவங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

"சொன்னா சிரிச்ச முகத்தோட சொல்லணும்"னு மொக்கராசு ஞாபகப்படுத்தினான். மேடம் எழுதிக் குடுத்த தாளையும் நீட்டினான். "மேடம், பெட்டி ஊருக்கு நடுவுல இருக்கா இல்லையா? அளந்துக்கங்க. என் வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

மேடம் தாளைப் பாத்தாங்க. கல்லைப் பாத்தாங்க. மறுக்க வழியே இல்ல. "சரி. இன்னும் ஒன்பது நாள். பெட்டி இப்ப இருக்கற இடத்துலயே இருக்கட்டும். மறுபடி தூக்கினா பதிவு மொத்தமும் பாழாயிடும். ஒரு விரக்கடை நகர்ந்துச்சு, வேலை கிடையாது." ஜீப்பு திரும்பிப் போச்சு.

மொக்கராசு துள்ளிக் குதிச்சான். குதிச்சு கீழ இறங்கறதுக்குள்ள வடகிழக்கு மூலையில இருந்து ஒரு சத்தம்.

"எவன்டா என் வீட்டை உங்க ஊருக்குள்ள வச்சது?"

வெயிலுமுத்து. டீக்கடையில இருந்து கையில கிளாஸோட வந்தவரு, எல்லைக்கு அந்தப் பக்கம் நின்னு கோவத்துல ஆடிக்கிட்டு இருந்தாரு. உள்ள காலை வைக்கல. "மிதிச்சா அஞ்சு நாள் திரும்ப முடியாது. முறைன்னா முறை"ன்னு அவருக்கும் தெரியும். வடகிழக்குக் கல்லு விழுந்தது அவரு வீட்டுக் கொல்லைக்குப் பின்னாடிதான். பொண்டாட்டி சீனியம்மாவும் பவுன்தாயியும் வீட்டு வாசல்ல நின்னாங்க, கல்லுக்கு இந்தப் பக்கம்.

நாட்டாமை மொகம் மாறிப் போச்சு. "ஏப்பா மொக்கராசு. அந்தப் புள்ள இப்ப நம்ம எல்லைக்குள்ள இருக்கு."

"ஆமா."

"எல்லைக்குள்ள இருந்தா என்ன முறை?"

மொக்கராசு திரும்பிப் பவுன்தாயியைப் பாத்தான். "தங்... தங்க..."

"வாயைத் திறந்து அதைச் சொல்லிப் பாரு!"ன்னு பவுன்தாயி கரண்டியைத் தூக்கினா. "ஒரு வருஷமா பஸ் ஸ்டாப்புல பல்லைக் காட்டினப்ப நான் யாரு?"

"அண்ணே, அந்தக் கல்லை ரெண்டு வீடு இந்தப் பக்கம் தள்ளிடுவோம்ணே!"ன்னு மொக்கராசு நாட்டாமை காலைப் புடிச்சான்.

"தள்ளலாம். ஆனா நடு மாறிடுமே? பெட்டி நடுவுல இருக்காதே?"

"பெட்டியைத் தள்ளுவோம்."

"விரக்கடை தள்ளினா வேலை கிடையாதுன்னாங்களே?"

கல்லு நகர்ந்தா வேலை போகும், வேலை போனா பொண்ணு போகும். கல்லு நகரலைன்னா பொண்ணு தங்கச்சி. மொக்கராசு கட்டியிருந்த துணியை அவுத்துட்டு ரெண்டு கண்ணாலயும் அழுதான்.

ஜனங்க எல்லாம் ரெண்டாப்பைப் பாத்தாங்க. ரெண்டாப்பு தரையில ஒரு கட்டம் போட்டாரு. நடுவுல ஒரு புள்ளி வச்சாரு. முறைச்சுப் பாத்தாரு. "தள்ள வேணாம்ணே. ஊரைத் திருப்பிடுவோம்."

"என்னது?"

"ஆட்டுக்கல்லுல குழவி சுத்துது. குழி சுத்துதா? பெட்டி அப்படியே இருக்கட்டும். நாலு மூலையையும் கொஞ்சம் போல திருப்புவோம். மூலை அந்த வீட்டை விட்டு விலகிடும். நடுவு நடுவாவே இருக்கும்."

கூமாச்சிப்பட்டி வரலாத்துல முதல் தடவையா ஒரு யோசனை சரியா இருந்துச்சு. அவங்களுக்கு அது தெரியாதுங்கறது வேற விஷயம்.

முப்பத்திரண்டு பேரும் கல்லைத் தூக்கினாங்க. "ஊரு திரும்பினா நாமளும் திரும்பணும்!"னு நாட்டாமை சொல்ல, ஆடு மாடு ஜனம் எல்லாம் பெட்டியைச் சுத்தி நடந்துச்சு. பாதியிலயே நாலு கோழிக்குத் தலை சுத்திடுச்சு. வடகிழக்கு மூலை மெல்ல மெல்ல நகர்ந்து, பவுன்தாயி வீட்டை விட்டு விலகிப் போச்சு. அம்மாவும் மகளும் வாசல்ல நின்ன இடத்துலயே நின்னாங்க. அவங்க எல்லையைத் தாண்டல, எல்லைதான் அவங்களைத் தாண்டிச்சு. அதனால குத்தமும் இல்ல.

"பவுனு! நீ வெளியூரு!"ன்னு மொக்கராசு கத்தினான். அவ கரண்டியை ஆட்டிக் காட்டினா. இந்தத் தடவை அது வேற மாதிரி ஆட்டல்.

ஆனா விலகின மூலை வேற எங்கயாவது போய்த்தானே நிக்கணும்? டீ ஆறுதேன்னு ஊதிக்கிட்டு நின்ன வெயிலுமுத்துவைச் சுத்திக்கிட்டுப் போய், அவரு முதுகுக்குப் பின்னாடி கல்லு 'தொம்'முனு இறங்குச்சு.

வெயிலுமுத்து கீழ பாத்தாரு. பின்னாடி பாத்தாரு. "அடப்பாவிகளா. நான் இப்ப எந்த ஊரு?"

"நம்ம ஊருண்ணே"ன்னாரு நாட்டாமை. "வாங்க, உக்காருங்க. அஞ்சு நாள்."

"அதோ என் வீடு இருக்கேய்யா, பத்தடியில!"

"அது வெளியூருண்ணே. முறைன்னா முறை."

அந்த வார்த்தையைக் கேட்டதும் வெயிலுமுத்து அடங்கிட்டாரு. அவரு சொன்ன சொல்லை அவரே எப்படித் தட்டுவாரு? டீயைக் குடிச்சு முடிச்சாரு. மொக்கராசு ஓடி வந்து துண்டை விரிச்சுப் போட்டான். நாட்டாமை பக்கத்துல உக்காந்து நாசூக்கா ஆரம்பிச்சாரு.

"அண்ணே, நம்ம பையன் ஒருத்தனுக்கு வெளியூர்ல ஒரு பொண்ணு பாத்திருக்கோம். ஊருல பெரிய மனுசங்க நாலு பேரு போய்ப் பேசினாத்தான் மரியாதை. நீங்களும் வரணும்."

வெயிலுமுத்து மொக்கராசுவை மேல இருந்து கீழ பாத்தாரு. முதல் தடவையா அவன் அவரு கண்ணுக்கு நம்ம ஊருப் பையனாத் தெரிஞ்சான். எந்திரிச்சு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, எல்லையோரமா வந்து நின்னு தொண்டையைச் செருமினாரு. பத்தடி தள்ளி வாசல்ல சீனியம்மா.

"வணக்கம்மா. நாங்க கூமாச்சிப்பட்டியில இருந்து வர்றோம். மாப்பிள்ளை வீடு."

சீனியம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டா. "வாங்க. பையனுக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகலைன்னு சொன்னாங்களே?"

"அதெல்லாம் ஒன்பது நாள்ல ஆயிடும்மா! எங்க பையனை மாதிரி ஒரு பையன் இந்தச் சுத்து வட்டாரத்துல கிடையாது. நான் பொறுப்பு. கட்டில், பீரோ, ஒரு மோட்டார் சைக்கிள், இது எங்க ஊரு வழக்கம். அதைச் செஞ்சுட்டா இன்னைக்கே தட்டு மாத்திக்கலாம்."

சீனியம்மா நாடியில விரலை வச்சு யோசிச்சா. "நல்ல இடமாத்தான் தெரியுது. ஆனா எங்க வீட்டுக்காரரு வெளியூர் போயிருக்காரு. அவரை ஒரு வார்த்தை கேக்காம நான் எப்படிச் சொல்றது?"

வெயிலுமுத்துவுக்குக் கோவம் வந்துடுச்சு. "சீக்கிரம் கேட்டுச் சொல்லுங்கம்மா. அந்த மனுசன் ஒரு வருஷமா இப்படித்தான் இழுத்தடிக்கறான். எங்களுக்கு வேற இடமும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு!"